யூரிக் அமிலத்துக்கு மாத்திரை: எனக்கு யாரும் சொல்லாதவை

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில் மாமனார் வழி வந்த பழைய வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சில வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், வெகுகாலத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல்லும் வந்து போயிருக்கிறது. இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. யூரிக் அமிலத்துக்கு எந்த மாத்திரை என்பதை முடிவு செய்வதே இந்த மாதிரி விவரங்கள்தான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அலைந்து, கிட்டத்தட்ட 60,000 ரூபாய் செலவழித்த பிறகுதான் இதை ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார்.

யூரிக் அமிலம் என்றாலே ஆம்பளைகளுக்கு, அதுவும் கறியும் குடியுமாக இருப்பவர்களுக்கு வருவது என்றுதான் எங்கள் பக்கம் பேச்சு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வரும் என்பது எனக்குத் தெரியாது. அதுவரை ஈஸ்ட்ரோஜன், யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவிக்கொண்டிருக்கும். அது குறைந்ததும் பெண்களுக்கும் அளவு ஏறத் தொடங்குகிறது. என்னை முதலில் பார்த்த யாரும் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை.

முதல் தடவை வந்தது நடுராத்திரியில். இடது கால் பெருவிரல் அடியில் தீ வைத்ததுபோல் ஒரு வலி. போர்வை நுனி பட்டால்கூடத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் நான் படுப்பது முகப்புப் பக்கத்து அறை, கழிப்பறை பின்கட்டில். வளவைத் தாண்டி இரண்டு உயரமான நிலைப்படிகளைக் கடக்க வேண்டும். அன்று நிலைப்படியில் உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, ஆத்தங்குடிக் கல் தரையில் இடுப்பால் நகர்ந்துதான் போனேன். தரையின் குளிர்ச்சி பட்டபோது விரலுக்குக் கொஞ்சம் இதமாக இருந்ததால், திரும்பி வரும்போது வளவிலேயே உட்கார்ந்துவிட்டேன். விடியும் வரை அழுதேன். கூப்பிட ஆள் இல்லை.

காலையில் போன இடத்தில் கால் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கிருமித் தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆன்டிபயாடிக் ஊசி, வலி ஊசி, ஸ்கேன். பில் 18,000 ரூபாயைத் தொட்டது. ஒரு வாரத்தில் வடிந்ததும் மருந்து கேட்டது என்றார்கள். உண்மையில் அது கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம். கௌட் வலி ராத்திரியோடு ராத்திரியாகத் தொடங்கும், ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஆகையால் அந்த நேரத்தில் எந்த மருந்து கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. காய்ச்சல் இல்லாமல், புண் இல்லாமல், கால் பெருவிரல் மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து வீங்கினால், "இது கௌட்டாக இருக்குமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். காய்ச்சல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடிப்பதும் இதே மாதிரிதான் தெரியும், அது ஆபத்து.

சில மாதம் கழித்து முழங்காலில் வந்தது. இந்தத் தடவை வேறு இடத்தில் காட்டினேன். யூரிக் அமிலம் பார்த்தார்கள், 5.8 இருந்தது. நார்மல், அதனால் கௌட் இல்லை, எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கிக் காட்டக்கூடும் என்பது மூட்டு டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. வலி தணிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த தடவை கணுக்காலில் வந்து தணிந்த பிறகு, லேப்பில் நானாகப் போய் எடுத்தேன். 9.2. சோதனைக்கு ஆன செலவு 200 ரூபாய்க்குள். அந்த 200 ரூபாயை முதல் தடவையே சரியான நேரத்தில் செலவழிக்கச் சொல்லியிருந்தால் மற்ற அலைச்சல் பாதி மிச்சம்.

கணக்கு இப்படி. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால், பாகு முற்றிப் பாத்திர ஓரத்தில் கற்கண்டு கட்டுவதுபோல, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். அதனால்தான் சிகிச்சையில் 6-க்குக் கீழே கொண்டுவந்து, அங்கேயே பிடித்து வைக்கச் சொல்கிறார்கள். தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தெரியும் அளவுக்கு முற்றியவர்களுக்கு 5-க்குக் கீழ். அளவு கீழே நின்றால் பழைய படிகமும் மெல்ல மெல்லக் கரைந்து போகும். மெல்லத்தான் கரையும், மாதக் கணக்கு, சிலருக்கு வருஷக் கணக்கு.

9.2 ரிப்போர்ட்டைப் பார்த்ததும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ஃபெபக்சோஸ்டாட் மாத்திரை 80 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். தினம் ஒன்று. கூட வேறு எதுவும் இல்லை. வாங்கிச் சாப்பிட்ட பத்து நாளுக்குள் இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. போன் செய்து கேட்டேன், "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுங்கள்" என்றார்கள். நிறுத்தினேன். மறுபடி யூரிக் அமிலம் ஏறியது. இன்னொருவர் அதே மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார், மறுபடி வலி, மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு தடவையும் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி. ஸ்டென்ட் வைத்தவளுக்கு, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவளுக்கு அந்த ஊசி நல்லதல்ல என்பதை யாரும் சொல்லவில்லை. கடைசியில், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.6 என்று வந்தபோது எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. மகனுக்குப் போன் போட்டுப் பேசக்கூட முடியவில்லை, சும்மா அழுதுகொண்டே வைத்துவிட்டேன்.

எனக்கு நடந்தது மாத்திரை ஒவ்வாமை இல்லை. யூரிக் அமிலம் சரசரவென்று இறங்கும்போது மூட்டில் கட்டிய படிகம் கலைகிறது, கலைந்ததை உடம்பு எதிரியாகப் பார்த்து வீங்குகிறது. ஃபெபக்சோஸ்டாட் ஆகட்டும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான அலோப்யூரினால் ஆகட்டும், தொடங்கிய முதல் சில மாதம் இப்படி வரலாம். அதற்காகவே குறைந்த அளவில் தொடங்கி ஏற்ற வேண்டும். கூடவே மூன்று முதல் ஆறு மாதம் வரை கோல்சிசின் மாதிரி, வலி கிளம்பாமல் தடுக்கும் ஒரு காப்பு மருந்தும் கொடுக்க வேண்டும். நடுவில் வலி வந்தால் வலிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே யூரிக் அமில மாத்திரையைத் தொடர வேண்டும், நிறுத்தக் கூடாது. மாத்திரைச் சீட்டு எழுதும்போதே இந்த மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கோல்சிசின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் வேலியோரம் பூக்கும் செங்காந்தள், நம் மாநிலப் பூ, அதன் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே கோல்சிசின்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். நான் படும் பாட்டைப் பார்த்து, "அந்தக் கண்வலிக் கிழங்கைத் துளி இழைத்து உள்ளுக்குச் சாப்பிடுங்க ஆச்சி, வாதம் ஓடிப்போகும்" என்று தெரிந்த ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மருந்தாக 0.5 மில்லிகிராம் என்று அளந்து கொடுப்பதையே சிறுநீரகம் பார்த்துக் குறைத்துக் கொடுக்கிறார்கள். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. தின்று இறந்தவர்கள் நம் ஊர்ப்பக்கமே உண்டு. மாத்திரையாகச் சாப்பிடும்போதும் வயிற்றுப்போக்கு தொடங்கினால் அளவு அதிகமாகிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்கோடு இது சேரவே கூடாது. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் தொடையில் வலுவின்மை தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன், கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

இதற்கு நடுவில் பங்காளி வீட்டுத் தம்பி ஒருவர் வந்து, "ஆச்சி, அந்த மாத்திரை ஹார்ட்டுக்கு ஆகாதாம், அமெரிக்காவிலேயே எச்சரிக்கை போட்டிருக்கான்" என்றார். ஸ்டென்ட் வைத்தவளுக்கு அதைக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது. அப்புறம்தான் மதுரையில் மூட்டு வாதத்துக்கென்றே இருக்கும் ரூமட்டாலஜி டாக்டரைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். காலைப் பேருந்தில் திருப்பத்தூர், மேலூர் வழியாகத் தனியாகத்தான் போனேன். எல்லாச் சீட்டையும், எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். அந்தப் பைதான் அன்று பெரிய உதவி. டாக்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார்.

அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். அலோப்யூரினால், ஃபெபக்சோஸ்டாட் இரண்டும் செய்வது ஒரே வேலை. உடம்பு யூரிக் அமிலம் தயாரிக்கப் பயன்படுத்தும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுப்பவை. அலோப்யூரினால் 1960-களிலிருந்து புழங்கும் பழைய மருந்து, அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஃபெபக்சோஸ்டாட் அமெரிக்காவில் 2009-ல் அனுமதி பெற்ற புதிய மருந்து. இதய விஷயம் பொய்யில்லை, ஆனால் அது பாதிக் கதை. இதய நோயும் கௌட்டும் சேர்ந்து இருந்தவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது, பெயர் கேர்ஸ். அதில் ஃபெபக்சோஸ்டாட் சாப்பிட்டவர்களிடம் இறப்பு அதிகமாகத் தெரிந்தது. 2019-ல் அமெரிக்க மருந்துத் துறை பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டது, அலோப்யூரினால் பலிக்காதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் மாத்திரையை நடுவிலேயே விட்டிருந்தார்கள். 2020-ல் ஐரோப்பாவில் ஃபாஸ்ட் என்ற ஆய்வு 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்யப்பட்டது, அதில் அப்படி இறப்பு கூடவில்லை. "அதனால் பயந்து நடுங்க வேண்டாம்மா. ஆனா உங்களுக்கு ஸ்டென்ட் இருக்கு. அலோப்யூரினாலை ஒழுங்காக் கொடுத்துப் பார்க்காமலே நேரா அதுக்குப் போக எனக்கு மனசில்லை" என்றார்.

அலோப்யூரினாலுக்குச் சிறுநீரகம் தாங்காது என்றுதானே சொல்வார்கள் என்று கேட்டேன். அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சிறுநீரகம் மிதமாகத் தளர்ந்தவர்களுக்கும் முதல் மருந்து அலோப்யூரினால்தான், ஆனால் மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும் என்றிருக்கிறது என்றார். 2022-ல் வந்த இன்னோர் ஆய்வில் இரண்டு மருந்தையும் அளவு ஏற்றி ஏற்றி, யூரிக் அமிலம் இலக்குக்கு வரும் வரை கொடுத்துப் பார்த்தார்களாம். சேர்ந்தவர்கள் 940 பேர், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகம் தளர்ந்தவர்கள். வலி வருவதைத் தடுப்பதில் அலோப்யூரினால் பின்தங்கவில்லை. அலோப்யூரினால் வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம், 100-ல் தொடங்கி அங்கேயே விட்டுவிடுவது. 300-க்கு மேலும் தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஃபெபக்சோஸ்டாட்டுக்கும் தகுந்த ஆட்கள் இருக்கிறார்கள். அலோப்யூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது கைகொடுக்கும், அதிலும் 40-ல் அல்லது அதற்கும் கீழே தொடங்க வேண்டும், கல்லீரல் சோதனை பார்த்துக்கொள்ள வேண்டும். விலையில் அலோப்யூரினால் மலிவு.

அலோப்யூரினாலில் பயப்பட வேண்டிய ஒன்றை அழுத்திச் சொன்னார். அபூர்வமாகச் சிலருக்குத் தோல் உரிந்து, வாய் வெந்து, உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வரும். வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள். கொரியர், தாய்லாந்துக்காரர், ஹான் சீனர் போன்ற சில இனத்தாருக்கு ஒரு மரபணுச் சோதனை எடுத்துவிட்டே தொடங்கச் சொல்கிறார்கள். தடிப்பு, அரிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும். வலி வந்தால் நிறுத்தக் கூடாது, தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம் என்றார். இன்னொன்று, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோப்ரின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் அலோப்யூரினால், ஃபெபக்சோஸ்டாட் இரண்டில் எதையும் டாக்டர் கண்ணில் படாமல் சேர்த்துவிடக் கூடாது, ரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறைந்துவிடும். சிறுநீர் வழியாக யூரிக் அமிலத்தை வெளியே தள்ளும் புரோபெனசிட் போன்ற மருந்துகளும் உண்டு. எனக்குக் கல் வந்த சரித்திரம் இருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம் என்றார்.

அப்புறம் என் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைத் திருப்பினார். மருந்தின் பெயருக்குப் பின்னால் "எச்" என்று ஓர் எழுத்து. அது ஹைட்ரோகுளோரோதையசைடு, சிறுநீர் போக வைக்கும் மருந்து. யூரிக் அமிலத்தை ஏற்றி விடுகிறவற்றில் அது முக்கியமானது. நான் வருஷக் கணக்காகத் தினம் காலையில் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்! என்னைப் பார்த்த யாரும் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதய டாக்டரிடம் பேசிவிட்டு, யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் இறக்கக்கூடிய லோசார்டனுக்கு மாற்றினார்கள். ஆஸ்பிரினும் சற்று ஏற்றும், ஆனால் ஸ்டென்டுக்காகக் கொடுப்பதை இதற்காக நிறுத்தவே கூடாது என்றார். காசநோய்க்குக் கொடுக்கும் பைரசினமைடும் ஏற்றக்கூடியது. ஆகவே யூரிக் அமில மாத்திரை எழுதுவதற்கு முன்னால், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் எல்லா அட்டையையும் மேஜை மேல் கொட்டுங்கள். நீங்களாக மட்டும் எதையும் நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நான் ஏமாந்தது தனிக் கதை. பருப்பு கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது, தயிர் கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லி, ஒரு கட்டத்தில் ரசம் சாதமும் வெண்டைக்காய் மண்டியும் தவிர எதுவும் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக ஆனேன். உண்மையில் ஒதுக்க வேண்டியவை ஈரல், சுவரொட்டி, மூளை போன்ற உள்ளுறுப்புகள், அளவுக்கு மீறிய ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி, மது, அதிலும் பீர், அப்புறம் சர்க்கரைக் கரைசலான குளிர்பானங்கள். பருப்பும் கீரையும் கௌட்டைக் கூட்டவில்லை, பாலும் தயிரும் நல்லதே செய்கின்றன என்று 2004-லேயே பெரிய ஆய்வு வந்துவிட்டது. எவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் இறங்குவது சுமார் 1 மில்லிகிராம்தான். 9.2 இருப்பவள் பட்டினி கிடந்து 6-க்கு வர முடியாது. எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரு காரணம், அதை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பங்காளித் தம்பிக்கு முழு உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.8 என்று வந்து, வலியே வராமல் அவருக்கும் ஃபெபக்சோஸ்டாட் எழுதியிருக்கிறார்கள். என்னுடைய டாக்டரிடம் அவரையும் அனுப்பினேன். மூட்டு வலியோ, கட்டியோ, கல்லோ எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் ஏறியிருந்தால் மாத்திரை தொடங்க வேண்டாம் என்பதுதான் 2020 வழிகாட்டியின் நிலை. எடை, தண்ணீர், கறி இவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ வலி வருகிறவர்கள், கட்டி கட்டியவர்கள், எக்ஸ்ரேயில் மூட்டு அரித்தது தெரிகிறவர்கள், இவர்களுக்குத்தான் கட்டாயம் மாத்திரை.

எனக்கு அலோப்யூரினால் 100 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து 50-ல் தொடங்கினார்கள். கூட கோல்சிசின் 0.5, என் சிறுநீரகத்தைப் பார்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாதம் ஒரு தடவை காரைக்குடியிலேயே யூரிக் அமிலமும் கிரியேட்டினினும் எடுத்து, ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பினால் அளவை ஏற்றிச் சொல்வார். நடுவில் ஒரு தடவை கணுக்காலில் வந்தது. டைக்ளோஃபெனாக் இல்லாமல் சில நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார், அலோப்யூரினாலைத் தொடரச் சொன்னார். முன்பெல்லாம் நிறுத்தச் சொன்ன அதே இடம் அது. பயந்துகொண்டேதான் விழுங்கினேன். இப்போது 300-ல் நிற்கிறது, யூரிக் அமிலம் 5.4. வலி ஊசி நின்றதும் கிரியேட்டினின் 1.3-க்கு வந்துவிட்டது. கோல்சிசினை ஆறு மாதம் கழித்து நிறுத்தியாயிற்று. அலோப்யூரினாலை நிறுத்தினால் மறுபடி படிகம் கட்டும் என்பதால் அது வாழ்நாள் மருந்து. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தச் சோதனை, அடுத்தது தை மாதம்.